மாமா கயாவில் விட்டது

மண் குவளையில் ஆவி பறந்துகொண்டிருந்த டீயை வாய்க்கருகே கொண்டுபோன என் மாமனார், அதில் பூச்சி விழுந்துவிட்டதைப் பார்த்தவர் போலச் சட்டென்று நிறுத்தி, குவளையைக் கடைக்காரரிடமே திருப்பி நீட்டினார். காசிக்குப் போய்விட்டு பஸ்ஸில் ஊர் திரும்பிக்கொண்டிருந்தோம். நாக்பூர் வருவதற்குக் கொஞ்சம் முன்னால் நெடுஞ்சாலை ஓரத்தில் இருந்த கடை அது. இஞ்சியையும் ஏலக்காயையும் நசுக்கிப் போட்டு, பாலைச் சுண்டவிட்டுக் கொடுத்த டீ. எங்கள் பஸ்ஸில் வந்தவர்கள் இரண்டாவது குவளைக்கு முண்டியடித்துக்கொண்டிருந்தார்கள். கடைக்காரரின் முகம் வாடிவிட்டது. மாமா என்னைப் பார்த்து, "ஏலக்கா போடாம ஒண்ணு போட்டுத் தரச் சொல்லு ஆத்தா" என்றார். எனக்கு இந்தி தெரியும் என்பதால்தான் வழிநெடுக என்னை முன்னால் தள்ளிவிட்டுக்கொண்டிருந்தார்கள். ஆனால் அன்று மாமா தமிழில் சொன்னதே எனக்கு விளங்கவில்லை. போடிநாயக்கனூரில் பிறந்து, ஏலக்காயை வாங்கி விற்றே பிள்ளைகளை ஆளாக்கிய மனிதர் ஏலக்காய் போடாத டீ கேட்டால் யாருக்குத்தான் விளங்கும்?

மாமாவின் தொழிலைக் கொஞ்சம் சொல்ல வேண்டும். போடிமெட்டுக்கும் குரங்கணிக்கும் மேலே சின்னச் சின்னத் தோட்டம் வைத்திருப்பவர்கள், காயை உலர்த்தி மூட்டை கட்டி ஜீப்பில் போட்டு அவர் கடைக்குக் கொண்டுவருவார்கள். மாமா மூட்டைக்குள் முழங்கை வரை கைவிட்டு அடியிலிருந்து ஒரு காயை எடுப்பார். பச்சை நிறம் இருக்கிறதா, பருமன் இருக்கிறதா என்பதெல்லாம் கண் பார்த்துக்கொள்ளும். அதற்குப் பிறகுதான் முக்கியமான காரியம். காயை நகத்தால் கீறி, உள்ளே இருக்கும் விதையை வாயில் போட்டுக் கடிப்பார். கடித்துவிட்டுப் பேசமாட்டார். எதிரில் நிற்கிற தோட்டக்காரர் மாமாவின் தாடையையே பார்த்துக்கொண்டிருப்பார். கடைசியில் மாமா என்ன சொல்கிறாரோ அதுதான் அந்த மூட்டையின் தரம். அதற்கு மேல் அப்பீல் கிடையாது. வியாபாரம் இல்லாத நேரத்திலும் கடைவாயில் இரண்டு விதை கிடக்கும். வெற்றிலை கிடையாது, பீடி கிடையாது, அந்த மனிதருக்கு இருந்த ஒரே பழக்கம் அதுதான்.

நான் அந்தப் பயணத்தில் சேர்ந்ததே ஒரு விபத்து. பழைய வேலையை விட்டுவிட்டுப் புது வேலையில் சேர்வதற்கு இடையில் கொஞ்ச நாள் சும்மா இருந்தேன். என் வீட்டுக்காரருக்கு லீவு கிடைக்கவில்லை. "அம்மாவும் அப்பாவும் தனியாப் போறாங்க, நீ கூடப் போயிட்டு வா" என்று சென்னையிலிருந்து என்னை ஏற்றிவிட்டார். ஆடி அமாவாசைக்குக் காசியிலும் கயாவிலும் இருக்கிற மாதிரி புறப்பட்ட டூர் பஸ். கூடவே சமையல்காரர், அண்டா, அரிசி மூட்டை எல்லாம் வந்தன. முதலில் ராமேஸ்வரத்தில் மண் எடுத்துக்கொண்டு வடக்கே போய், அந்த மண்ணைக் கங்கையில் கரைத்துவிட்டு, கங்கைத் தண்ணீரோடு மறுபடி ராமேஸ்வரம் வந்து, அதற்குப் பிறகுதான் போடி. போகும்போது ஜன்னல் சீட்டுக்காக முறைத்துக்கொண்டவர்கள், திரும்பும்போது ஒருவர் தோளில் ஒருவர் தூங்கிக்கொண்டு வந்தார்கள். ஊறுகாய் ஜாடி காலியாகியிருந்தது. ஜன்னல் கம்பிகளில் ஈர வேட்டிகள் ஆடின. சீட்டுக்கு அடியில் கங்கைச் செம்புகள் ஒவ்வொரு பிரேக்குக்கும் கடகடவென்று உருண்டன. எல்லோருக்கும் பேச்சு ஒன்றுதான், வீட்டுக்குப் போனதும் முதலில் என்ன சாப்பிடுவது என்பது.

அந்த டீக்கடை வாசலிலேயே மாமாவை மடக்கிவிட்டோம். மடக்கியது அத்தை, அதாவது என் மாமியார். "வயித்துக்குச் சேரலையா? காச்சலா? மூணு நாளா வாயில காயையும் காணோம், ஒண்ணையும் காணோம். என்னான்னு சொன்னாத்தான தெரியும்?" என்று கையைப் பிடித்து இழுத்து நெற்றியைத் தொட்டுப் பார்த்தார். மாமா சுற்றுமுற்றும் பார்த்துவிட்டு, கட்டிய மனைவியிடம் சொல்லத் தயங்கித் தயங்கிச் சொன்னார். "கயாவுல விட்டுட்டேன்."

கயாவுக்குப் போனவர்களுக்கு இது தெரிந்திருக்கும். முன்னோருக்குப் பிண்டம் வைத்து முடித்ததும், ஆலமரத்தடியில் உட்காரவைத்து, பிடித்த காய் ஒன்று, பழம் ஒன்று, இலை ஒன்றைச் சொல்லச் சொல்வார்கள். சொன்னதை அத்தோடு விட்டுவிட வேண்டும். சாகும்வரை தொடக்கூடாது. எங்கள் ஆட்கள் இதற்கெல்லாம் அசருகிறவர்களா? டூர் நடத்துகிறவர் முந்தின நாளே பஸ்ஸில் மைக்கைப் பிடித்து எச்சரித்திருந்தார். "தெனமும் வேண்டியதைச் சொல்லிராதீக சாமி, ஊருக்குப் போயி தவிச்சுப் போவீக." அதனால் காய் என்றதும் முக்கால்வாசிப் பேர் பாகற்காயை விட்டார்கள். அத்தையும் பாகற்காய்தான். சின்ன வயதிலிருந்து அதை அவர் தொட்டதே இல்லை. பழத்தில் இன்னும் சாமர்த்தியம். எங்களுக்குப் பின் சீட்டு அம்மா, கண்ணால்கூடப் பார்த்திராத கிவிப் பழத்தை விட்டுவிட்டு வந்திருந்தார். பஸ்ஸில் இருந்த ஓய்வுபெற்ற தலைமையாசிரியர் இலைக்குப் புகையிலையைச் சொல்லப் பார்த்து, அவர் மனைவி முறைத்ததில் மாற்றிக்கொண்டார். மைக்கில் எச்சரிக்கை வந்தபோது மாமா குறட்டை விட்டுக்கொண்டிருந்தார் என்பதை யாரும் கவனிக்கவில்லை. மறுநாள் அந்தக் கூட்டத்திலும் மணிச் சத்தத்திலும் பக்கத்தில் இருப்பவர் சொல்வதே கேட்கவில்லை. எது ரொம்பப் பிடிக்கும் என்று பண்டா, அதாவது அந்த ஊர்ப் புரோகிதர், அரைகுறைத் தமிழில் கேட்டார். மாமா யோசிக்காமல் ஏலக்காய் என்று சொல்லி, விட்டேன் என்பதற்கு அடையாளமாகத் தண்ணீரும் வார்த்துவிட்டார்.

அத்தைக்கு அப்படி ஒரு கோபம் வந்து நான் பார்த்ததில்லை. பஸ் கிளம்பியும் அடங்கவில்லை. தொழில் போச்சு, கடை போச்சு என்று புலம்பிக்கொண்டே வந்தவர், திடீரென்று வேறு பாதையில் திரும்பினார். "அது கெடக்கட்டும். ரொம்பப் பிடிச்சது எதுன்னு கேட்டா ஏலக்காயாம்ல! நான் பக்கத்துலதான குத்துக்கல்லு மாதிரி ஒக்காந்திருந்தேன்?" என்றார். மாமா ஜன்னல் பக்கம் பார்த்தபடியே, "ஒன்னையச் சொல்லிருந்தா ஒன்னைய அங்கனயே விட்டுட்டுல வந்துருக்கணும்?" என்றார். முன் சீட்டிலிருந்து கடைசி சீட்டு வரை சிரிப்பு பரவிவிட்டது. டிரைவர்கூடத் திரும்பிப் பார்த்தார். அத்தை முந்தானையை இழுத்து முகத்தை மூடிக்கொண்டார். சிரிக்கிறாரா அழுகிறாரா என்று எனக்குத் தெரியவில்லை, கேட்டு மாட்டிக்கொள்ளவும் நான் தயாராக இல்லை.

அதற்குப் பிறகு அந்தப் பஸ்ஸில் வேறு பேச்சே இல்லை. ஹைதராபாத் தாண்டி வரும்வரை பஞ்சாயத்துதான். தலைமையாசிரியர் எழுந்து நின்று கம்பியைப் பிடித்துக்கொண்டு, காய்கறியைத்தான் விடவேண்டும், ஏலக்காய் மளிகைச் சாமான், ஆகவே இது செல்லாது என்று வாதாடினார். பின் சீட்டு அம்மா, கடித்துத் துப்பினால் அது சாப்பிட்டதாகாது, விழுங்கினால்தான் பாவம் என்றார். சமையல்காரருக்குத்தான் பெரிய சங்கடம். கேசரியில் ஏலக்காய் போடாவிட்டால் பஸ்ஸில் மற்றவர்கள் திட்டுகிறார்கள், போட்டால் மாமா தட்டைத் தள்ளிவைக்கிறார். கடைசியில் மாமாவுக்கென்று ஒரு கிண்ணம் தனியாகக் கிளறினார். மாமா எல்லார் வாதத்தையும் பொறுமையாகக் கேட்டுக்கொள்வார். "நீங்க சொல்றதும் நியாயந்தான்" என்பார். அடுத்த வேளையும் தட்டைத் தள்ளிவைப்பார்.

ஒரு மத்தியானம் அத்தை தூங்கிக்கொண்டிருந்தபோது மாமா என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். வெளியே பருத்திக்காடு ஓடிக்கொண்டிருந்தது. நான் மெதுவாகத்தான் கேட்டேன், "ஏன் மாமா, வாய்தவறி வந்திருச்சுன்னு விட்றக்கூடாதா?" என்று. "எங்கய்யா குரங்கணிக்கு மேலருந்து தலச்சுமையா மூட்டைய எறக்குனவரு, தெரியும்ல ஆத்தா?" என்று மாமா ஆரம்பித்தார். "ஆயுசு பூரா ஏலக்கா மூட்டையத்தான் சொமந்தாரு. ஒரு காயை எடுத்து வாயில போட்டதில்ல. மொதலாளி பொருளுன்னுட்டாரு. அவருக்குப் பிண்டம் வச்ச கையி காயலை இன்னும். அப்ப வந்து எது பிடிக்கும்னு கேக்குறாக. அங்க ஒக்காந்துக்கிட்டுப் பாகக்காயின்னு சொல்லச் சொல்றியா?" என்றார். நானும் கயாவில் எனக்குப் பிடிக்காத சுரைக்காயைத்தான் விட்டிருந்தேன், அதை வெளியில் சொல்லிக்கொள்ளவில்லை.

விரதம் பெரிதுதான், ஆனால் கடை? அந்தக் கவலை பயணத்தின் கடைசி நாட்களில்தான் உறைத்தது. சேலம் நெருங்கும்போது போடியிலிருந்து போன். மாமா கடைக்குப் பக்கத்தில் மளிகை மொத்தக் கடை வைத்திருக்கும் பாய், மாமாவுக்கு உடன்பிறப்பு மாதிரி. கடைச் சாவி அவரிடம்தான் இருந்தது. போனை ஸ்பீக்கரில் போட்டேன். "அண்ணே, மொதப் பறிப்பு எறங்க ஆரம்பிச்சிருச்சு. உங்க ஆளுக எல்லாம் எங்கிட்ட வந்து கேட்டுக்கிட்டு இருக்காக. அண்ணன் நாக்கு வரட்டும்னு நிறுத்தி வச்சிருக்கேன், வெரசா வாங்க" என்றார் அவர். மாமாவின் முகத்தில் ரத்தம் இல்லை. முதல் பறிப்பில் யார் கடைக்கு மூட்டை போகிறதோ, பெரும்பாலும் அந்தக் கடைக்குத்தான் வருஷம் முழுக்கப் போகும். கடிக்காமல் தரம் சொன்னால் யார் நம்புவார்கள்? கடிக்க வேறு ஆள் யார் இருக்கிறார்கள்? என் வீட்டுக்காரருக்கு ஏலக்காய்க்கும் சோம்புக்கும் வித்தியாசம் தெரிந்தாலே பெரிய விஷயம். அன்று மாமா முதல் முறையாக, "ஒருவேளை கடையப் பாய்கிட்டயே குடுத்துட்டு ஒக்காந்துற வேண்டியதுதானோ" என்றார். அத்தை அதைக் கேட்டுக்கொண்டுதான் இருந்தார். அதிசயமாக ஒரு வார்த்தை பேசவில்லை.

அத்தை பேசாமல் இருந்ததற்குக் காரணம், அவருக்கு ராமேஸ்வரத்தின் மேல் ஒரு நம்பிக்கை இருந்தது. தீர்த்தங்களில் எல்லாம் குளித்துவிட்டு, ஈரப் புடவை சொட்டச் சொட்ட, மாமா அந்தப் பக்கம் போகட்டும் என்று காத்திருந்து, அங்கிருந்த ஒரு வயதான குருக்களைப் பிடித்துக்கொண்டார். நானும் கூட நின்றேன். "சாமி, கயாவுல தெரியாம ஒண்ண விட்டுட்டாரு எங்க வீட்டுல. இங்க ஏதாவது பரிகாரம் பண்ணித் திருப்பி வாங்கிக்கிற முடியுமா?" என்று கேட்டார். குருக்கள் முழுக்கதையையும் கேட்டார். அவருக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. "அம்மா, அங்க விட்டதை இங்க வாங்க முடியாது. நீங்க எல்லாரும் பாகற்காயை விட்டுட்டு வர்றேள். ஒருத்தராவது நெஜமா விட்டிருக்கார். அதையும் கெடுக்கணுமா?" என்றார். அத்தை அவரை எரித்துவிடுவதுபோல் பார்த்துவிட்டு, புடவையைப் பிழிந்துகொண்டே, "இந்த மனுசனோட எந்தக் கோயிலுக்குப் போனாலும் இவருக்குத்தான் சாமி சப்போர்ட்டு" என்று நடந்தார்.

கடைசி நாள் காலை மதுரையில் இட்லி சாப்பிட்டுவிட்டுக் கிளம்பினோம். ஆண்டிபட்டிக் கணவாய் தாண்டியதும் ஆடிக்காற்று பஸ்ஸைப் பிடித்துக்கொண்டது. தென்னைகள் எல்லாம் ஒரே பக்கமாகச் சாய்ந்து நின்றன. தேனிக்கு அப்புறம் மேற்கே மலை மொத்தமும் மேகத்துக்குள் இருந்தது, மேலே மழை. யாரோ, "அந்தா நம்ம மல!" என்று கத்த, வழிநெடுக எத்தனையோ பெரிய மலைகளையும் நதிகளையும் பார்த்துவிட்டு வந்த சனம் முழுக்க எழுந்து ஜன்னலுக்கு ஓடியது. என்னவோ அது ஓடிப்போய்விடும் என்பது போல! எனக்கும் கண் கலங்கிவிட்டது, நான் போடியில் பிறந்தவள்கூட இல்லை. பின் சீட்டு அம்மா எல்லோருக்கும் போன் நம்பர் எழுதிக் கொடுத்தார். தலைமையாசிரியர் சமையல்காரருக்குத் துண்டு போர்த்தினார். மாமா மட்டும் எழுந்திருக்கவில்லை. இரண்டு கைகளையும் மடியில் வைத்துக்கொண்டு, பரீட்சைக்குப் படிக்காமல் போகிற பிள்ளை மாதிரி உட்கார்ந்திருந்தார்.

காசிக்குப் போய்வந்தால் நேராக வீட்டுக்குத்தான் போகவேண்டும். ஆனால் பஸ் நின்ற இடத்துக்கு எதிரிலேயே மாமாவின் கடை. பாய் கடையைத் திறந்து தண்ணீர் தெளித்து வைத்திருந்தார். வாசலில் ஒரு ஜீப். குரங்கணிக்கு மேலே தோட்டம் வைத்திருக்கும், மாமாவிடம் வெகுகாலமாகக் காய் போடும் ஒருவர் மூட்டையோடு காத்திருந்தார். மாமாவைப் பார்த்ததும் காலைத் தொட்டுக் கும்பிட்டார். காசிக்குப் போய்வந்தவர் காலைத் தொட்டால் புண்ணியம். கும்பிட்டு எழுந்ததும் மூட்டையை அவிழ்த்தார். "அண்ணே, உங்க கையாலதான் இந்த வருசம் மொத மூட்ட" என்றார். மாமா அடியில் கைவிட்டு ஒரு காயை எடுத்தார். நல்ல பச்சை, நல்ல பருமன். நகத்தால் கீறினார். விதை கறுகறுவென்று இருந்தது. பிறகு உள்ளங்கையில் அதை வைத்துக்கொண்டு அப்படியே நின்றார். தோட்டக்காரர் வழக்கம்போல மாமாவின் தாடையைப் பார்த்தார். அது அசையவில்லை. பாய் என்னைப் பார்த்தார். எனக்கு எங்கே பார்ப்பது என்று தெரியவில்லை.

கங்கைச் செம்பை என் கையில் திணித்துவிட்டு அத்தை முன்னால் போனார். மாமாவின் உள்ளங்கையிலிருந்த விதையை எடுத்து வாயில் போட்டார். கடித்தார். கண்ணை மூடிக்கொண்டார். ஜீப் டிரைவர்கூட பீடியைக் கீழே போட்டுவிட்டார். "காய் நல்ல காய்தான்" என்றார் அத்தை. "ஆனா கடைசியா நாக்குல புகை நிக்கிது. அவசரமா வெறகை அள்ளிப் போட்டு ஒலத்திருக்கீக." தோட்டக்காரர் வாயைப் பிளந்தார். பிறகு தலையைச் சொறிந்தார். "மழை விடவே மாட்டேங்குது மதினி. காயி பூசணம் பூத்துப் போயிருமேன்னுதான் கொஞ்சம் கூடப் போட்டேன்" என்றார். மாமா குனிந்து அதே மூட்டையிலிருந்து இன்னொரு காயை எடுத்து, அத்தையிடம் கொடுத்தார். அத்தை அதையும் கடித்தார். "இதுவும் அப்படித்தான்."

"ஒனக்கு எப்படித் தெரியும்?" என்று கேட்டார் மாமா. கோபமில்லை, ஆச்சரியம்தான். கடைப் படியை அதுவரை மிதித்திராத மனுஷி. அத்தை தோட்டக்காரர் இருக்கிறார், பாய் இருக்கிறார், மருமகள் இருக்கிறாள் என்றெல்லாம் பார்க்கவில்லை. "கல்யாணமாகி வந்த நாள்லருந்து ராத்திரி நீங்க பக்கத்துல வந்து படுத்தா, அந்த வாசத்துலயே அன்னைக்கு எந்த மலைக் காயி வந்துச்சு, நல்லா ஒலந்துச்சா இல்லையான்னு எனக்குத் தெரியும். வாயைத் தெறந்து சொன்னதில்ல, அம்புட்டுதான்" என்றார். பாய் சட்டென்று தன் கடைக்குள் ஏதோ சோலி இருப்பதுபோலப் போய்விட்டார். மாமா தன் நாற்காலியைப் பார்த்தார், அத்தையைப் பார்த்தார். நாற்காலியைத் துண்டால் தட்டிவிட்டு, "ஒக்காரு" என்றார்.

அன்றிலிருந்து காயைக் கண்ணால் பார்ப்பது மாமா, கடிப்பது அத்தை. தோட்டக்காரர்களுக்குக் கொஞ்சம் வருத்தம்தான். அண்ணனிடமாவது அழுதால் இரக்கப்படுவார், மதினியிடம் ஒன்றும் நடக்காது என்கிறார்கள். ஆனாலும் மூட்டை வேறு கடைக்குப் போகவில்லை. நான் போடிக்குப் போகும்போதெல்லாம் சாயங்காலம் கடைப்பக்கம் போய் அவர்களோடு வீட்டுக்கு நடந்து வருவேன். முன்பெல்லாம் தெருவில் போனால் மாமா நாலடி முன்னால் போவார், அத்தை பின்னால் வருவார். இப்போது மாமா அத்தையின் தோளை உரசிக்கொண்டே நடக்கிறார். போன மாதம் அத்தைக்கே வெட்கமாகிவிட்டது. "தெருவுல நாலு பேரு பாக்குறாக, தள்ளி வாங்க" என்றார்.

"நான் திங்கிறதத்தான் விட்டேன்" என்றார் மாமா, தள்ளிப்போகாமல். "மோந்து பாக்குறத விடல."